மறதிநோயரின் அருகில்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

குளிக்க வர மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவுகட்டும் முன் குளியலறைக்குள் நின்று பாருங்கள். உடை களைந்ததும் குளிர்கிறது, தலையில் திடீரென்று தண்ணீர் விழுகிறது, அடுத்து என்ன செய்வது என்ற வரிசை மனத்தில் இல்லை. அவருக்கு அது பயமுறுத்தும் இடம்.

அவரை அழைப்பதற்கு முன்பே அறையை இதமாக்கி, சோப்பு, இரண்டு துண்டுகள், போடும் வரிசையில் அடுக்கிய உடைகள் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நடுவில் எதையாவது எடுக்க வெளியே போனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் வழுக்கி விழுவார். தண்ணீர் 37–38 டிகிரி இருக்கட்டும், முழங்கையை நனைத்துப் பாருங்கள். பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே வரவும். தலைக்கு ஊற்றுவது கடைசியில், முடியாவிட்டால் வேறொரு நாள். ஒரு துண்டு தோளைப் போர்த்தியபடியே இருக்கட்டும், அதை விலக்கி விலக்கிக் கழுவலாம்.

“குளிக்கலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “வாங்கப்பா, வெந்நீர் தயாரா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். கையைத் தட்டிவிட்டால் அப்படியே நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து வாருங்கள். தினமும் முழுக் குளியல் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று முறை போதும், மற்ற நாட்களில் முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் சரி.

ஜூன் 5, வியாழன்

ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதே சொற்களால் திரும்பச் சொல்லுங்கள். சொற்களை மாற்றினால், பாதி புரிந்துகொண்டிருந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

“நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்ற கேள்வியைத் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். பதில் தெரியாதபோது அவர் முகம் வாடுவதைத் தவிர அதனால் எந்தப் பயனும் இல்லை. வந்தவரே “அம்மா, நான் உங்க பொண்ணு” என்று சொல்லிக்கொண்டு உட்காரலாம்.

ஜூன் 9, திங்கள்

மாலைப் பதற்றத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். நேரம், அதற்கு முன் நடந்தது, அவர் செய்தது, எதனால் அடங்கியது என்று நான்கு கட்டங்கள். ஒரு வாரத்தில் ஒழுங்கு தென்படத் தொடங்கும். தினமும் நாலரை மணிக்கு எழுந்து நடப்பவர், சிறுநீர் கழிக்க இடம் தேடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நாலேகாலுக்கே அழைத்துப் போய்விடுங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே விளக்கு எரியவிட்டால் அவராகவே போவதும் உண்டு.

இருட்டும் முன்பே விளக்குகளைப் போடுங்கள். கண்ணாடிச் சன்னலில் தெரியும் தன் உருவத்தை அந்நியர் என்று நினைப்பார், திரையை இழுத்துவிடுங்கள். வாசலில் கிடக்கும் கருப்பு மிதியடி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். பகல் தூக்கம் அரைமணிக்குள் முடியட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

மூக்குக் கண்ணாடியைத் துடையுங்கள். காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோனதையும் “நோய் முற்றிவிட்டது” என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஜூன் 14, சனி

இதை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டலாம்: அல்சைமர் வகை மறதிநோய் மாதக்கணக்கில்தான் முற்றும். நேற்றுவரை ஓரளவு பேசியவர் இன்று முற்றிலும் குழம்பிப்போனால் அது பழைய நோய் அல்ல. அதன் மேல் வந்து சேர்ந்த சித்தக்குழப்பம், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டியது.

காரணங்கள்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீர்வறட்சி, வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. முதியவருக்குத் தொற்றிருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். தலையில் அடிபட்டால் மூளைக்கு வெளியே மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் வேலையைக் காட்டும், அதனால் சமீபத்தில் விழுந்தாரா என்பதையும் சொல்லுங்கள். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம், அதுதான் தவறிப்போகிறது.

மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். மறதிநோய்க்குத் தரும் டோனெபெசில், நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மூளையில் கூட்டுகிறது. சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்குத் தரும் டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் ஆகியவை அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. டோனெபெசிலாலேயே சிறுநீர் அவசரம் வரலாம். அதை நிறுத்த ஆக்சிபியூட்டினின் கொடுத்தால் ஒன்று கட்டுவதை மற்றொன்று இடிக்கும். டோனெபெசிலால் நாடித்துடிப்பு குறையவும் கூடும், மயங்கி விழுந்தால் அதையும் கேளுங்கள்.

ஜூன் 18, புதன்

அடக்க மாத்திரை கேட்கும் முன் வலியைத் தேடுங்கள். சொல்லத் தெரியாதவருக்குப் ‘பெயினாட்’ அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடல்மொழி, ஆறுதலுக்கு அடங்குகிறாரா ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10. அசைக்கும்போது பாருங்கள், படுத்திருக்கையில் பார்த்தால் மூட்டுவலி தெரியாது.

அடக்குவதற்குத் தரும் மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதிய வகைகளைப் பற்றி 2005-இலும் பழைய வகைகளைப் பற்றி 2008-இலும் எச்சரித்தது. மூளையில் ‘லூயி உடல்’ என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வரும் மறதிநோயில், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து உடலை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தாளாத வேதனை என்ற நிலையில் மருத்துவர் இம்மருந்துகளைத் தந்தால், மறுபடி பார்க்கும் தேதியை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தைத் தாண்ட வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். நின்றபடி ஊட்டினால் அவர் தலை பின்னே சாயும், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். அதனால் ஊட்டுபவரும் உட்கார்ந்து, கரண்டியைச் சற்றுக் கீழிருந்து கொண்டுவர வேண்டும். அரைக் கரண்டி, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்தது. தண்ணீர் குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தால் விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பூப்போட்ட தட்டில் உணவு எது, படம் எது என்று தெரியாமல் போகலாம், ஒரே நிறத் தட்டு வையுங்கள்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள், ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். நோய் முற்றிய நிலையில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அப்போது கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது. சாப்பிட்டதும் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள், அரைமணி நேரம் படுக்கவைக்க வேண்டாம்.