மேஜை மேல கெடந்த பிஸ்டன்

1913ல டபிள்யூ. ஓ. பென்ட்லி பாரிஸ் பக்கத்துல டி.எஃப்.பி. கார் ஃபேக்டரிக்கு போயிருந்தார், அப்போ அவர் பேர்ல கார் எதுவும் கெடையாது, லண்டன்ல அந்த பிரெஞ்சு காரை வித்துட்டு இருந்த ஆள். அங்க ஒரு மேஜை மேல பேப்பர் வெயிட்டா குட்டி அலுமினிய பிஸ்டன் ஒண்ணு இருந்துச்சு (பிஸ்டன்னா இன்ஜின் சிலிண்டருக்குள்ள மேலயும் கீழயும் ஓடுற பாகம்). சும்மா அழகுக்கு. இதையே நிஜ இன்ஜின்ல போட்டா என்னன்னு அவருக்கு தோணிடுச்சு.

அப்போ எல்லாரும் போட்டது காஸ்ட் அயர்ன் பிஸ்டன். நல்லா உழைக்கும், ஆனா கனம். அந்த டி.எஃப்.பி. இன்ஜின்ல ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை ஓடுற தூரம், 130 மி.மீ., 2000 ஆர்.பி.எம்.ல பிஸ்டன் மேல போய் நின்னு திரும்புற அந்த நொடியில அதோட எடை போல 290 மடங்குக்கும் மேல, அதை கிராங்கோட இணைக்குற கனெக்டிங் ராடை இழுக்கும் (கணக்கு நான் போட்டது), அதாவது அரை கிலோ பிஸ்டன்னா கிட்டத்தட்ட 145 கிலோ இழுவை. அலுமினியம் இரும்புல பாதி எடை கூட இல்ல.

சரி, உருகிடாதா? சுத்த அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், உள்ள எரியிற கேஸ் அதைவிட பல மடங்கு சூடு. பயம் நியாயம்தான். ஆனா 88 சதவீதம் அலுமினியம், 12 சதவீதம் செம்பு கலந்து வார்த்து ஓட்டிப் பார்த்தப்போ ஒண்ணும் ஆகல. அலுமினியம் சூட்டை வெச்சிக்காம பிஸ்டனை சுத்தி மாட்டியிருக்குற ரிங் வழியா சிலிண்டர் சுவருக்கு சீக்கிரம் கடத்திடுது, இரும்புலதான் பிஸ்டன் தலை (மேல் பக்கம்) நடுவுல சூடு தேங்கி நிக்குது. தலை குளிர்ச்சியா இருந்தா பெட்ரோல் முன்கூட்டியே பத்திக்காது, அதனால கம்ப்ரஷனையும், அதாவது பெட்ரோல்-காத்து கலவையை அழுத்துற அளவையும், ஏத்தலாம். எடை குறைக்கப் போய் இது போனஸ்! விஷயத்தை வெளிய விடாம வெச்சிருந்து 1914 டூரிஸ்ட் டிராஃபி ரேஸ்ல அந்த காரை ஓட்டி ஆறாவதா வந்தார், முதல் உலகப் போர் வந்ததும் ரகசியத்தை பிரிட்டிஷ் நேவிக்கு சொல்லிட்டார், அப்புறம் விமான இன்ஜினுக்கெல்லாம் போச்சு.

ஓடுற பிஸ்டன் எவ்ளோ சூடுன்னு எப்படி அளக்குறது? ஒயர் இழுத்தா மேல கீழ ஆட்டத்துல அறுந்துடும். அதுக்கு ஒரு வழி, வேற வேற டிகிரியில உருகுற குட்டி குட்டி உலோக பிளக்கை தலையில அங்கங்க பதிச்சு ஓட்டிட்டு, பிரிச்சு எது உருகியிருக்குன்னு பார்க்குறது. எனக்கு ரொம்ப புடிச்ச ஐடியா இது.

நிஜ தலைவலி விரியிறதுதான். 70 மி.மீ. பிஸ்டன் 200 டிகிரி சூடேறினா அலுமினியம் 0.3 மி.மீ.க்கு மேல விரியும், இரும்பு அதுல பாதிதான், சுத்தி தண்ணி ஓடுற சிலிண்டரோ அவ்ளோ கூட விரியாது. கேப் கம்மியா விட்டா புடிச்சிக்கும், ஜாஸ்தி விட்டா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டக் டக்குனு அடிக்கும். அதனால ஓட்டு, பிரி, பளபளன்னு தேஞ்ச இடத்தை லேசா அரத்தால ராவு, மறுபடி மாட்டி ஓட்டுன்னு பொறுமையா பார்த்த வேலை இது. ஸ்கர்ட்ல, அதாவது பிஸ்டனோட கீழ்ப் பக்க சுவர்ல, பிளவு போட்டுப் பார்த்தாங்க, அதிகம் விரியாத இன்வார்ங்கற உலோகக் கலவைப் பட்டையை உள்ள வெச்சு வார்த்தாங்க. பிஸ்டனை ராடோட கோக்குற பிஸ்டன் பின் (pin) இருக்குற பக்கம் உலோகம் ஜாஸ்தி, அந்தப் பக்கம்தான் அதிகமா விரியுது, அதனால அங்க கொஞ்சம் கொறைச்சு முட்டை மாதிரி கிரைண்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. கார்ல இருந்து கழட்டுன அலுமினிய பிஸ்டன் ஏதாவது கையில கெடைச்சா ஸ்கர்ட்டை பிஸ்டன் பின் போற திசையிலயும் அதுக்கு குறுக்கயும் மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து பாருங்க, கண்ணுக்கு வட்டமாதான் தெரியும்.