அந்த அறையை யார் அமைப்பது?

"நேர்ல வரணுமா மேடம், இல்ல ஆன்லைன்லயே பேசிக்கலாமா?" முதல் அழைப்பிலேயே பெரும்பாலானோர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு 2020க்கு முன்பு இந்தக் கேள்வி எப்போதாவதுதான் வரும். வேறு நாட்டுக்கு மாறிப் போனவர்களும் உடம்பு முடியாமல் படுத்திருப்பவர்களும் கேட்பார்கள். பெருந்தொற்று வந்ததும் எங்கள் தொழில் சில நாட்களிலேயே திரைக்குள் போய்விட்டது. ஊரடங்கு முடிந்த பிறகு சிலர் நேருக்குத் திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. இப்போது இரண்டு வகையும் கலந்துதான் என் வேலை நடக்கிறது.

கேட்கும் குரலில் ஒரு சந்தேகம் தெரியும். ஆன்லைன் என்றால் ஏதோ இரண்டாம் தரம், வேறு வழியில்லாதவர்களுக்கானது என்று. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினைகளுக்கு, ஆலோசகரோடு வீடியோவில் பேசிச் செய்யும் சிபிடி சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் முறை) நேரில் செய்வதற்கு ஏறக்குறைய ஈடான பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அதில் வியப்பில்லை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல், சிகிச்சை உறவு மூன்று விஷயங்களில் நிற்கிறது என்றார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. மூன்றும் திரை வழியாகவும் உருவாகும். உருவாவதை நானே பார்க்கிறேன்.

அதனால் "எது நல்லது" என்று என்னிடம் கேட்டால், "உங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு அறை கிடைக்குமா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

நேரில் வருபவருக்கு அந்த அறையை நான் அமைத்து வைக்கிறேன். இரண்டு நாற்காலிகளும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் சாய்கோணத்தில் போட்டிருப்பேன். முகம் பார்க்கப் பிடிக்காத நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசலாம். அவர் தலைக்குப் பின்னால் ஒரு கடிகாரம் உண்டு, நான் கையைத் திருப்பி மணி பார்க்க வேண்டியதில்லை. டிஷ்யூ பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதை நான் எடுத்து நீட்டுவதில்லை. நீட்டினால் "போதும், அழாதே" என்று சொல்வதுபோல் ஆகிவிடும். கதவுக்கு வெளியே மெல்லிய இரைச்சல் எழுப்பும் ஒரு சின்னக் கருவி ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே பேசுவது வெளியே கேட்காது. வருகிறவர் இதில் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

ஆன்லைனில் இவ்வளவு வேலையும் அவர் தலையில் விழுகிறது. ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கும் மனிதர்தான் தனியிடம் தேட வேண்டும், கதவைத் தாழிட வேண்டும், வீட்டாரிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். நிறுத்திய காருக்குள் இருந்து பேசுகிறவர்கள் உண்டு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. (இங்கே நான் சொல்வது யாரோ ஒரு தனி ஆளைப் பற்றி அல்ல. பலரிடம் கண்டதைக் கலந்துதான் எழுதுகிறேன்.) பேச்சின் நடுவே ஒருவரின் குரல் சட்டென்று மாறும். அதுவரை கணவர் பற்றிப் பேசியவர், "அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பிடுறேன்" என்பார். அறைக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்பதற்கு நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்த வாக்கியம் அது. உடனே நானும் ரிப்போர்ட் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். ஆள் போகும்வரை ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்விகள் மட்டும். ஒரு கைபேசி இருந்தால் சிகிச்சை வீட்டுக்கே வந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. வீடே பிரச்சினையாக இருப்பவருக்கு, வீட்டுக்கு வரும் சிகிச்சை சில நேரம் ஆபத்தாகவும் முடியலாம். அடிக்கும் துணையோடு வாழ்பவரை, எப்படியாவது முடியுமென்றால் நேரில் வரச் சொல்வேன்.

ஆனால் அந்த வீடே சிகிச்சைக்குத் தேவைப்படும் நேரமும் உண்டு. ஓசிடி, அதாவது விடாமல் துரத்தும் எண்ணமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்ப ஒன்றைச் செய்வதும், உள்ளவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் கை கழுவும் ஒருவர் என் அறைக்கு வந்தால், இங்கே இருக்கும் கதவுப்பிடி அவரைத் தொந்தரவே செய்யாது. "இது உங்க இடம் மேடம், இங்கே ஏதாவது ஆனா உங்க பொறுப்பு" என்பார். அவர் பயம் எல்லாம் அவர் வீட்டுக் கதவுப்பிடியில், அவர் வீட்டுக் குழாயில். ஆன்லைன் என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவருகேயே போகலாம். பிடியைத் தொடுவார், கழுவாமல் நிற்பார். பதற்றம் ஏறுவதையும், ஒன்றும் செய்யாமலே அது மெல்ல இறங்குவதையும் இருவரும் சேர்ந்து பார்ப்போம். என் அறையில் பல வாரம் பேசினாலும் கிடைக்காத ஒன்று அந்தக் கதவருகே கிடைத்துவிடுகிறது.

வெளியே போகவே பயப்படுபவர்கள், மனிதர்களைச் சந்திக்கக் கூசுபவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அவர்களுக்கு ஆன்லைன் இல்லாவிட்டால் சிகிச்சையே தொடங்காது. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால், எதைத் தவிர்ப்பது நோயை வளர்க்கிறதோ, அதைத் தவிர்க்க நானே உதவியதாக ஆகிவிடும். அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்: "இப்போ திரையில ஆரம்பிப்போம். ஒருநாள் இங்க வந்து உட்கார்றதும் சிகிச்சையில ஒரு பகுதிதான்." அவர்களுக்கு அந்தப் பயணமே ஒரு பயிற்சி.

முகத்துக்கு முகம் பார்த்தால்தான் மனம் திறக்கும் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டத் தோன்றும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் அறையில், வந்தவர் சாய்விருக்கையில் படுத்திருப்பார். ஃப்ராய்ட் அவர் பார்வையில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். பார்க்கப்படுவது எல்லோருக்கும் ஆறுதல் தருவதில்லை. அவமானம் கலந்த விஷயங்களைக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் சிலரால் சொல்ல முடிகிறது. திரைக்குப் பின்னால் மனிதர்கள் தடையின்றிப் பேசிவிடுவதைப் பற்றி உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது நல்லதுதான், ஆனால் அதில் ஒரு கவலையும் இருக்கிறது. சிறுவயதில் நடந்த ஒரு கொடுமையை முதல் சந்திப்பிலேயே கொட்டிவிட்டு ஒருவர் மடிக்கணினியை மூடுகிறார் என்று வையுங்கள். மூடிய அந்த நொடியில் அவர் தனியாகிவிடுகிறார். நேரில் என்றால் கடைசிப் பத்து நிமிடம் அவரை நிதானத்துக்குக் கொண்டுவருவேன், மீதியை வீடு திரும்பும் பயணம் பார்த்துக்கொள்ளும். ஆன்லைனில் கதவைத் திறந்தால் குழந்தை நிற்கும், அடுத்த மீட்டிங் காத்திருக்கும். அதனால் செஷன் முடிந்த பிறகு கால் மணி நேரமாவது யாரிடமும் பேசாமல் நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். அந்த நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

திரையில் எனக்குக் கிடைக்காதவையும் நிறைய. சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கேன்" என்பவரின் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருப்பது தெரியாது. குடித்துவிட்டு வந்திருந்தால் வாடை வராது. மௌனமும் கெட்டுவிடுகிறது. நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் யோசிக்கிறார் என்று விட்டுவிடலாம். ஆன்லைனில் உடனே "கேக்குதா மேடம்?" என்ற கேள்வி வந்துவிடும். "நான் பேசாமல் இருந்தால் இணைப்பு போகவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்" என்று முதல் நாளே சொல்லி வைப்பது உதவுகிறது. திரையில் தெரியும் தன் முகத்தை மறைத்துவிடவும் சொல்வேன். வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பூட்டுகின்றன என்று 2021இல் எழுதிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஜெரமி பெய்லன்சன், தன் முகத்தையே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார். அழும்போது தன் முகத்தைப் பார்க்க நேர்பவர் சட்டென்று அழுகையை அடக்கிக்கொள்வதை நானும் கவனித்திருக்கிறேன்.

சிலரை நேரில்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாப்பிடாமல் உடல் மெலிந்துகொண்டே போகிறவருக்கு எடை, நாடித்துடிப்பு எல்லாம் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். கேமரா வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிறவரிடம் கேமராவில் பேசுவது சரிவராது. சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கு வாரம் ஒரு வீடியோ அழைப்பு போதவே போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும், அவசர மருத்துவ உதவி வேண்டும். ஆன்லைனில் ஒவ்வொரு முறையும் "இப்போ எங்க இருக்கீங்க?" என்று நான் கேட்பது இதனால்தான். ஏதாவது நடந்தால் உதவியை எந்த முகவரிக்கு அனுப்புவது, யாரை அழைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கேட்காத ஆலோசகரிடம் நீங்களே கேளுங்கள். எல்லை தாண்டிப் பேசுவதாக இருந்தால், நீங்கள் இருக்கும் இடத்தில் சிகிச்சை தர அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி தேவை.

ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் மாற்றக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். திரையில் தொடங்கி நேருக்கு வந்தவர்கள் உண்டு, வேலை மாறியதும் மறுபடி திரைக்குப் போனவர்களும் உண்டு. "மேடம் தப்பா நினைச்சுக்குவாங்களோ" என்ற தயக்கத்தில் யாரும் வாய் திறக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை இந்தப் பேச்சை நானே எடுக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே ஆன்லைனில் பேசிக்கொண்டிருந்து, கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்காவது கேட்டுவிடும் என்பதற்காக வாராவாரம் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தால், அதை உங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் அடுத்த செஷனுக்கு முன் எழுதியாவது அனுப்புங்கள். பேச இடம் தேடுவதும் அவர் வேலைதான்.