சணல் பூக்கும் மாதங்கள்

கலியாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் பலர், விமானம் ஏறுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிடுவார்கள். பச்சை மலைச்சரிவு, முழங்கால் உயரத்துக்குப் பூக்கள், நடுவே கைகோத்து நிற்கும் ஒரு சோடி. "அண்ணா, இப்படி ஒரு இடம் யாழ்ப்பாணத்தில இருக்கோ?" என்று கேட்பார்கள். மலை இல்லை என்று உடனே சொல்லிவிடுவேன். இது சுண்ணாம்புக்கல்லின் மேல் பரந்து கிடக்கும் தட்டை நிலம். ஆறு என்று சொல்லவும் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. பூ மட்டும் தாராளமாக இருக்கிறது. அதைப் பார்க்க எப்போது வரவேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று ஸ்ரூடியோவுக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் வசந்தம் சித்திரையில் வருவதில்லை. வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்து வெள்ளம் வடிந்ததும் வெறுங்காணி, வரம்பு, கோயில் வீதி, குளக்கட்டு என்று எல்லா இடத்திலும் சிறுபூண்டுகள் பூக்கத் தொடங்கும். பங்குனி வெயில் ஏற ஏற அவை கருகிவிடும். சித்திரை விடுமுறைக்கு வருபவர்களுக்குக் கொன்றையும் வேப்பம்பூவும் காட்டலாம். தரையில் காட்ட அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இந்தப் பூக்களில் பெரும்பாலானவை கணுக்கால் உயரத்துக்குக் கீழேதான். நின்றபடி எடுத்தால் வெறும் பச்சைத் தரைதான் விழும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும், கமெராவை மண்ணோடு வைக்க வேண்டும். விஷ்ணுகிராந்தியைப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத நீலப்பூ, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். நெருஞ்சி ஐந்து மஞ்சள் இதழோடு சூரியனைப் பார்த்தபடி இருக்கும். தும்பையை எடுக்கப் போனால் முதலில் எறும்புகள்தான் ஃபோகஸில் விழும். பொறுமையாக இருந்தால் அந்த எறும்புகளே படத்துக்கு உயிர் கொடுக்கும்.

"மாசிப்பனி மூசிப் பெய்யும்" என்பார்கள். அந்தப் பனிதான் எங்களுக்குப் பெரிய உதவி. இதழில் நீர்த்துளி நிற்கும், காற்றும் அடங்கியிருக்கும். அந்த மாதத்தில் ஆறரை மணி அளவில் வெளிச்சம் வரும். ஒரு மணித்தியாலம் போனால் வெயில் மேலே ஏறி நிழல் கறுத்துவிடும். இந்த அகலாங்கில் சூரியன் சாய்ந்து நிற்காது, நேரே மேலே போய்விடும். மாப்பிள்ளை பொம்பிளையை விடிய ஐந்து மணிக்கு எழுப்புவது எல்லோருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை வடமராட்சி கிழக்குக்கு, மணற்காட்டுக்கு அழைத்துப் போவேன். அங்குள்ள மணல் திட்டிகள்தான் எங்கள் குன்றுகள். சரிவில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், அதன் இலை ஆட்டின் குளம்பைப்போல இரண்டாகப் பிளந்திருக்கும். பக்கத்திலேயே இராவணன் மீசைப் புல், ஊசி ஊசியாக. சேலையோடு உட்காரச் சொல்லுமுன் கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும். மணல் பெயராமல் பிடித்து வைத்திருப்பதில் இந்த இரண்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதால் எங்களோடு வருகிற யாரையும் கொடியைப் பிடுங்க விடுவதில்லை.

பூ மிக அடர்த்தியாக நிற்கிற சில இடங்களில் கால் வைக்கக்கூடாது. முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட காணிகளில் பல வருடமாகக் கலப்பையும் படவில்லை, மாடும் புகவில்லை. அதனாலேயே அங்கே காட்டுப்பூ கொழித்து நிற்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். கவசத்தோடு முழங்காலில் இருந்து, புல்லையும் பூவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி மண்ணைச் சோதிப்பார்கள். தரையை அவர்களைவிடக் கிட்டத்தில் பார்ப்பவர்கள் இந்தத் தேசத்தில் இல்லை. வீதியில் நின்றபடி நீள லென்ஸில் அந்த வெளியைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. கார்த்திகைப்பூவையும் வேலியோரம் கண்டால் எடுப்பேன். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, மேல்நோக்கி வளைந்த இதழ்கள். போரில் மாண்டவர்களின் நினைவோடு சேர்ந்த பூ அது; எங்கள் மண்ணில் அது எதையெல்லாம் சுமக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதைக் கலியாண அல்பத்தில் வெறும் அலங்காரமாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம் பார்த்தீனியம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூ விரித்த புல்வெளி, அவ்வளவு அழகு. "இதுக்குள்ள நிண்டு எடுப்பம்" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன். தொட்டால் தோல் கடிக்கும், மகரந்தம் பட்டால் இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போட்டு அடுத்த காணியையும் பிடித்துவிடும். மாடும் தின்னாது. 1980களின் கடைசியில் இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும் இன்று தோட்டக்காரர்களை வருத்துகிற களை அது. அதன் நடுவே சிரித்தபடி ஒரு சோடியை நிறுத்திப் படம் போட்டால், பார்க்கிறவர் அதை நல்ல செடி என்றுதான் நினைப்பார்.

சணல் அப்படியல்ல. சணப்பு என்றும் சொல்வார்கள், மண்ணுக்குப் பசளையாக விதைக்கும் பயிர். நெல் வெட்டிய வயலில் ஈரம் காயுமுன் விதைத்துவிடுவார்கள். வலிகாமத்தில் அது பூக்கும் நேரம் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் மஞ்சளாகப் பூத்த வயல்களைக் காணலாம். பிள்ளைகள் அனுப்பும் வெளிநாட்டுப் படங்களுக்கு ஈடாக எங்களிடம் உள்ளது இதுதான், எனக்கு அதைவிட ஒரு படி மேல். மஞ்சள் கமெராவை ஏமாற்றும் நிறம். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்காவிட்டால் இதழின் விவரம் எல்லாம் எரிந்து ஒரே பூச்சாகிவிடும். சரியாக எடுத்தால் பின்பக்க இதழில் மெல்லிய செந்நிறக் கோடுகள் தெரியும். பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்ததும் அதன் பாரத்தில் கீழிதழ் தாழ, நுனியால் மகரந்தம் பிதுங்கி வண்டின் வயிற்றில் ஒட்டும். இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

இந்தப் பூ படத்துக்காகப் பூப்பதல்ல என்பதை வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். சணலின் வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. பூக்கும் பருவத்தில் தண்டு இளசாகவும் சத்து நிறைந்தும் இருக்கும். அதைத் தாண்டினால் தண்டு முற்றி நாராகிவிடும், மண்ணில் உக்கவும் நாள் எடுக்கும். அதனால் வயல் மிக அழகாக இருக்கிற அந்தக் கிழமையிலேயே கமக்காரர் உழவு மெசினை இறக்கி எல்லாவற்றையும் மண்ணுக்குள் புரட்டிவிடுவார். பசளைக்குக் காசு கொடுத்துக் களைத்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். சிலர் ஒரு பங்கை மாட்டுக்கும் வெட்டுவார்கள்.

அராலிப் பக்கம் ஒரு ஐயா ஒவ்வொரு முறையும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான். "தம்பி, வரம்பால நடந்து போங்கோ. நடுவில மிதிச்சு முறிச்சால் அது மாட்டுக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை." இதுவரை ஒரு சதம் வாங்கியதில்லை. வயலுக்குள் பத்துப் பேராக இறங்கி, பூவைக் கொத்தாக ஒடித்துத் தலையில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போகிற கூட்டங்களால் இப்போது சில கமக்காரர்கள் கயிறு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வரம்பில் நின்று தாழ்வான கோணத்தில் எடுத்தால் சோடி வயலுக்குள் நிற்பதுபோலவே தெரியும். அதற்கு ஒரு செடியையும் முறிக்கத் தேவையில்லை.

இப்போது திகதி குறிக்குமுன் ஐயாவுக்கு அழைப்பு எடுத்து உழவு எப்போது என்று கேட்டுவிடுவேன். ஒருமுறை கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு விமானச்சீட்டு மாற முடியாமல், உழவு நாளன்றே எடுக்க வேண்டியதாயிற்று. பாதி வயல் மஞ்சள், பாதி வயல் புரண்ட கரும்மண், மெசினுக்குப் பின்னால் புழு பொறுக்கும் கொக்குகள். பொம்பிளை தன் அப்பப்பாவும் சணல் விதைத்தவர் என்று சொல்லி, ஐயாவையும் மெசினையும் சேர்த்தே எடுக்கச் சொன்னாள். அல்பத்தின் முதற்பக்கத்துக்கு அவர்கள் தெரிந்தெடுத்ததும் அந்தப் படத்தைத்தான்.