மைஸ்னர் இருந்த இடத்தில் ஒரு நாய்

ஜூன் 8, 2024
ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பைத்தியம் பிடித்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். அதில் முதலில் பேஸ் கிட்டார் வாசித்த ராண்டி மைஸ்னர், 1977இல் அவர் விலகியதும் வந்த டிமொதி ஷ்மிட், இருவருமே போக்கோ என்ற குழுவில் இருந்தவர்கள். அங்கேயும் மைஸ்னர் போன இடத்துக்குத்தான் ஷ்மிட் வந்திருக்கிறார். ஒரே ஆளின் நாற்காலி, இரண்டு முறை! சரி, போக்கோவைக் கேட்டுவிடலாம்.

ஜூன் 9
லாஸ் ஏஞ்சலஸ், 1968. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற குழு உடைந்ததும் ரிச்சி ஃப்யூரேயும் ஜிம் மெஸ்ஸினாவும் ஆரம்பித்த குழு. முதலில் வைத்த பெயர் 'போகோ'. அது வால்ட் கெல்லியின் காமிக்ஸ் பாத்திரம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை மாற்றினார்கள். தமிழில் எழுதினால் ஒரு 'க்' கூடுகிறது, அவ்வளவுதான்.

முதல் ஆல்பம் 1969இல். பதிவான ஒலிகளைக் கலந்து முடிக்கும் கடைசி மிக்ஸிங்கில் மைஸ்னரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பாடிய பாட்டுகளை டிரம்மர் ஜார்ஜ் கிராந்தமை வைத்துத் திரும்பப் பாட வைத்தார்கள். அட்டை ஓவியத்தில் மைஸ்னர் இருந்த இடத்தில் ஒரு நாயை வரைந்துவிட்டார்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஜூன் 15
இந்த வாரம் முழுக்க ரஸ்டி யங்தான். ஸ்பிரிங்ஃபீல்டின் ஒரு பாட்டுக்குப் பெடல் ஸ்டீல் வாசிக்கக் கொலராடோவிலிருந்து வந்தவர், அப்படியே போக்கோவில் தங்கிவிட்டார். மேஜை மாதிரி படுத்திருக்கும் வாத்தியம். இடது கையில் இரும்புத் தண்டு, வலது கை மீட்டுகிறது, கால் பெடலை அழுத்துகிறது, முழங்கால் நெம்புகோலைத் தள்ளுகிறது. தண்டு வழுக்குவது கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் மெல்ல ஏறி அதோடு சேருகிறதே, அது பெடல் செய்யும் வேலை. 1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் நீண்ட வாத்திய இசையில் ஆர்கன் என்றே நினைத்திருந்தேன். அதுவும் ஸ்டீல்தானாம், சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக.

ஜூன் 16
மழை. கரண்ட் இல்லை. போனிலும் சார்ஜ் இல்லை.

ஜூன் 22
மெஸ்ஸினா 1970இல் போனார். ஃப்யூரே 1973இல். ஷ்மிட் 1977இல். யங் மட்டும் போகவில்லை. ஆரம்பத்தில் ஸ்டீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர்; முன்னால் நின்று பாடுவது மற்றவர்கள் வேலை. 1978இல் வந்த 'லெஜண்ட்' ஆல்பத்தில் அவரே எழுதிப் பாடிய 'கிரேசி லவ்', மறுவருடம் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் 17ஆம் இடம். பத்து வருடத்தில் குழுவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஹிட்! நாலைந்து கோட்டில் குதிரை வரைந்த அந்த ஆல்பத்தின் அட்டை, பின்னால் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ஃபில் ஹார்ட்மன் செய்தது. என்னைக் கேட்டால் பாட்டைவிட அட்டை நன்றாக இருக்கிறது. ஷ்மிட் போயிருக்காவிட்டால் யங் பாடியிருப்பாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 23
1989இல் ஆரம்பத்தில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்து 'லெகசி' ஆல்பம் போட்டார்கள். மைஸ்னரும் வந்தார், இருபது வருடம் கழித்து நாயின் இடத்துக்கு. யங் 2021 ஏப்ரலில் இறந்தார், 75 வயது. மைஸ்னர் போன வருடம் ஜூலையில்.

இரவு முதல் ஆல்பத்தைத் திரும்பப் போட்டேன். குரலைத்தான் எடுத்தார்கள், மைஸ்னரின் பேஸ் அப்படியே இருக்கிறது. ஹெட்போனில் அதை மட்டும் பிடித்துக்கொண்டே போனேன்.