மயில்துத்தம், அன்னபேதி, நாலு சோதனைக் குழாய்

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுவது வழக்கம். வாங்கிய மூட்டையில் மெக்னீசியம் சல்பேட் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் வெள்ளைப் படிகம். சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா) காட்டிக்கொடுத்துவிடும். பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ் (உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் சோதனை) செய்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் பலர் வீழ்படிவின் (கரைசலில் கரையாமல் திரண்டு படிவதன்) நிறத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஊற்றும் இரண்டு மில்லியில்தான் விஷயமே இருக்கிறது.

8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கரைத்து, ஆறியதும் 100 மில்லியாக்குங்கள். நன்றாகச் சூடேறும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். நம் கடலோர போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருப்பதால், சோதிக்க வேண்டியதைப் போடுவதற்கு முன்பே வெள்ளையாகக் கலங்கும். குழாயைக் கடைசியாக அலசுவதும் அதே நீரில்தான்.

1 கிராம் உரத்தை 10 மில்லி நீரில் கரைத்து, தெளிவில் 1 மில்லி எடுத்து, அதில் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை வீழ்படிவு வரும். நிறுத்தாமல் குலுக்கிக் குலுக்கி மொத்தம் 3 மில்லி வரை விட்டால், ஜிங்க் ஹைட்ராக்சைடு கரைந்து தெளிந்துவிடும். மெக்னீசியம் கரையாது, வெள்ளையாகவே நிற்கும். எவ்வளவு கலப்படம் என்பது இதில் தெரியாது. இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். எடுத்த எடுப்பிலேயே 3 மில்லியையும் கொட்டினால் வீழ்படிவு வந்ததே தெரியாமல் கரைந்துபோய், 'ஒன்றும் வரவில்லை' என்று எழுத நேரும். (இதே ஜிங்க் உரத்தை டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரத்தோடு கலக்காதே என்பதும் வீழ்படிவுக் கதைதான்: ஜிங்க் பாஸ்பேட் கரையாது, பயிருக்கும் எட்டாது.)

படிகாரமும் இதே மாதிரி வெள்ளையாக வந்து கரையும். பிரித்தறிய இன்னொரு குழாயில் அம்மோனியா விடுங்கள். மிகுதியில் ஜிங்க் கரையும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் கஞ்சி மாதிரி கொழகொழவென்று நிற்கும். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பது அந்தக் கொழகொழப்புதான்.

மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) குழப்பம் குறைவு. 100 மில்லிக்கு 2.5 கிராம் போதும். ஹைட்ராக்சைடுக்கு இளநீல வீழ்படிவு, சூடாக்கினால் கறுத்துவிடும். அம்மோனியாவில் முதலில் இளநீலம், மேலும் விட்டால் கரைந்து மயில் கழுத்து நீலம். ஹைட்ராக்சைடு கரைசல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் அதிலும் கொஞ்சம் கரைந்து கருநீலம் தட்டும். அதனால்தான் 8 கிராமோடு நிறுத்தச் சொன்னேன்.

அன்னபேதிதான் (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) ஆளை ஏமாற்றும். வாங்கிய கட்டியில் பழுப்பு படிந்திருந்தால் அந்தப் பகுதி ஏற்கெனவே காற்று பட்டு ஃபெரிக் (ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு) ஆகிவிட்டது. பச்சையான உள்பகுதியை மட்டும் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் இரண்டு சொட்டு சேர்த்து, அப்போதைக்கப்போது கரையுங்கள். அமிலம் கூடினால் முதல் சில சொட்டு ஹைட்ராக்சைடு அதை நடுநிலையாக்கவே செலவாகும், வீழ்படிவு தாமதமாகும். ஹைட்ராக்சைடு விட்டதும் வருவது அழுக்குப் பச்சை வீழ்படிவு. குழாயை ஆட்டாமல் வைத்துப் பாருங்கள்: காற்று படும் மேல்விளிம்பில் முதலில் ஒரு பழுப்பு வளையம், பிறகு அது கீழே இறங்கும். ஃபெரிக் உப்பு என்றால் முதல் சொட்டிலேயே செம்பழுப்பு. பத்து நிமிடம் கழித்து வந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே உடனே குறித்துவிட வேண்டும்.

கடலூர் கேப்பர் மலை, புதுச்சேரி கோரிமேடு செம்மண்ணின் நிறமும் இந்த ஃபெரிக் இரும்புதான். சில போர்வெல்களில் தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் விடியும்முன் பழுப்பாகப் படிவதும் குழாயில் பார்த்த அதே மாற்றம்தான். இரும்பு குறைவாக இருப்பதால் நேராக ஹைட்ராக்சைடு விட்டால் நிறம் தெரியாமல் போகலாம். அடியில் படிந்ததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் தயோசயனேட் இரண்டு சொட்டு விடுங்கள். ரத்தச் சிவப்பு வரும். அது வீழ்படிவு இல்லை. எத்தனை நேரம் வைத்தாலும் அடியில் படியாது.