மாமா கடையில் இன்று ஆர்டர் இல்லை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கும் மாமா போன் செய்தார். "மாப்ளே, ஜனங்க இனிப்பு சாப்பிடுறதையே விட்டுட்டாங்க போல. இன்னைக்கு ஒரு ஆர்டர்கூட இல்ல. மாஸ்டரை லட்டு பிடிக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

ஆர்டர் எடுக்க ஒரு சின்ன வெப் ஆப் உண்டு. மாமா மகன் கல்லூரியில் படிக்கும்போதே நோட், எக்ஸ்பிரஸ் என்ற வெப் புரோகிராமிங் கருவிகளை வைத்து எழுதியது. 'ஆர்டர்/டுடே' என்ற முகவரிக்குப் போனால் அன்றைய பட்டியல் வரும். அன்றைக்கு வந்ததோ, "டுடே: ஆர்டர் இல்லை" என்ற ஒரே வரி. மாமா அதை வாசித்து இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மொத்தப் பட்டியலில் போய்ப் பார்த்தால் ஆர்டர் குவிந்து கிடக்கிறது!

சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாகைப் பார்த்தேன். எல்லாக் கோரிக்கைக்கும் 200, அதாவது சர்வர் கணக்கில் எல்லாம் சுபம். பொய்யைக்கூட இவ்வளவு பவ்யமாகச் சொல்லும் சர்வரை நான் பார்த்ததில்லை.

"நேத்து ஏதாவது மாத்தினியாடா?" என்று மாமா மகனைக் கேட்டேன்.

"இல்லண்ணா." கொஞ்சம் கழித்து, "ஆர்டர் நம்பர் போட்டுத் தேடுற பக்கம் ஒண்ணு சேர்த்தேன், அவ்வளவுதான்."

அவ்வளவேதான். ரூட் என்றால், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் விதி. 'ஆர்டர்/' என்பதற்குப் பின் எது வந்தாலும் ஐடியாக எடுத்துக்கொள்ளும் 'ஆர்டர்/:ஐடி' என்ற புது ரூட்டை டுடே ரூட்டுக்கு மேலே வைத்திருந்தான். எக்ஸ்பிரஸ் எழுதிய வரிசையில்தான் ரூட்டுகளைப் பார்க்கும். கல்யாண வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி, இந்த ஐடி ரூட் உள்ளே வரும் யாரையும் பிடித்து நிறுத்தாமல் விடாது. 'டுடே'யையும் ஒரு ஆர்டர் எண்ணாக நினைத்து டேட்டாபேஸில் தேடியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற கறாரான டேட்டாபேஸாக இருந்தால், எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்ததற்குச் சண்டைக்கே வந்திருக்கும். இது எஸ்க்யூலைட் என்ற சாதுவான டேட்டாபேஸ். தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லை" என்று அமைதியாகக் கையை விரித்துவிட்டது.

எண் மட்டும் பொருந்தும்படி ரூட்டிலேயே ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் குறியீடு) போடலாம் என்று ஒரு பழைய உதாரணத்தைப் பார்த்துத் தம்பி ஒட்டினான். அது எக்ஸ்பிரஸ் 4 காலத்துச் சங்கதி. 5-இல் அதை எடுத்துவிட்டார்கள். சர்வர் எழுந்திருக்கவே மறுத்தது. ஓசைப்படாமல் பொய் சொல்வதற்கு இது எவ்வளவோ தேவலை. அதை நீக்கிவிட்டு, டுடே ரூட்டை மேலே ஏற்றினோம். ஐடியில் எண் தவிர வேறு எது வந்தாலும் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பக்கத்தைக் காட்டு என்று இரண்டு வரியும் சேர்த்தான்.

பட்டியல் வந்தது. மாஸ்டரைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பியாயிற்று. அப்பாடா என்று சாப்பிட உட்கார்ந்தால் மறுபடி போன்.

"மாப்ளே, இன்னைக்குன்னு ஒரு பக்கம் இருந்தா நாளைக்குன்னும் இருக்கணும்ல? நானே 'டுமாரோ'ன்னு அடிச்சுப் பார்த்தேன். நானூத்தி நாலு ஆர்டராம்! கூடுதலா ரெண்டு டின் நெய்க்குச் சொல்லிட்டேன்."