பத்திரத்தைக் காட்டித்தான் வாங்கினான்

வழக்குக் காகிதங்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. எஃப்.ஐ.ஆர்., மகஜர், போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்லும் வாக்குமூலம் (2024 வரை இருந்த சட்டத்தில் 161ஆம் பிரிவு), எது வந்தாலும் பக்கக் கணக்குதான். ஒருமுறை வந்த கட்டு கொஞ்சம் வேறு மாதிரி. மோசடி வழக்கில் தேடப்படும் ஆள் இங்கிலாந்தில் இருக்கிறான், அவனை ஒப்படைக்கக் கேட்டு டெல்லி வெளியுறவு அமைச்சகம் வழியாக லண்டனுக்குப் போக வேண்டிய காகிதங்கள்.

புகார்தாரர் ஒரு பெரியவர். வாக்குமூலத்தில், "தம்பி முறை ஆகணும், கைமாத்தா 12 லட்சம் கேட்டான், பத்திரத்தைக் காட்டித்தான் வாங்கினான்" என்று இருந்தது. அந்தப் பத்திரம் போலி. நான் கைமாற்றை 'ஹேண்ட் லோன்' என்று போட்டு, மீதியைச் சாதாரணமாக எழுதி, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

சீனியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "என்னம்மா, கடன் வாங்கினான், பத்திரம் காட்டினான்னு இருக்கு. அங்க இருக்கிற ஜட்ஜ் இதைக் கடன் தகராறுன்னுதானே நினைப்பார்?"

1992இல் இந்தியாவும் பிரிட்டனும் போட்ட ஒப்படைப்பு ஒப்பந்தப்படி, அந்தச் செயல் இரண்டு நாட்டிலும் குறைந்தது ஒரு வருஷமாவது சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். நம் ஊரில் 420 (2024 வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு) என்றால் சின்னப் பையனுக்கும் புரியும், ஆனால் அந்த நம்பர் கடல் தாண்டாது. அங்கே பார்ப்பது ஆள் என்ன செய்தான் என்பதைத்தான். சீனியர் இதற்கு எப்போதும் சொல்லும் வழக்கு 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த காலின்ஸ் வழக்கு. பம்பாய் நகை வியாபாரியிடம் ஏமாற்றி முத்து வாங்கியதாக ஒருவர் மீது புகார், ஆள் சிக்கியது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில். பம்பாய் வழக்கு இதே 420இல், லூசியானா சட்டத்திலோ குற்றத்துக்கு வேறு பெயர், அதனால் அனுப்ப முடியாது என்று வாதாடினார்கள். நீதிபதி பிராண்டைஸ் ஒத்துக்கொள்ளவில்லை: பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செய்த காரியம் இரண்டு இடத்திலும் குற்றமாக இருந்தால் போதும்.

சரி, அதற்காகப் பெரியவர் சொன்ன கைமாற்றை நான் மோசடி என்று மாற்ற முடியுமா? முடியாது, சாட்சி சொன்னதுதான் வர வேண்டும். திரும்பத் திரும்பத் தமிழைப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது, நான் 'தான்' என்பதை விட்டிருந்தேன். பத்திரத்தைக் காட்டி வாங்கினான் என்பது வேறு, காட்டித்தான் வாங்கினான் என்பது வேறு. அதைக் காட்டியிராவிட்டால் பணம் கைமாறியிருக்காது என்கிறார் பெரியவர், ஏமாற்றுக் குற்றத்துக்கு அடிப்படையே அந்த நம்ப வைத்தல்தானே. அவர் இரண்டெழுத்தில் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டது. கைமாற்று கைமாற்றாகவே இருந்தது, கூடவே ஒரு சின்ன விளக்கம். (பக்கக் கூலி அதேதான், அதை விடுங்கள்.)

கட்டு போனது. பல மாதம் கழித்து அங்கிருந்து சில கேள்விகள் வந்தன. கைமாற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரருக்கு உடன்பிறந்த தம்பியா, அப்படியானால் தகப்பனார் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். 'தம்பி முறை' என்றால் என்னவென்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.